கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு

(பொன்விழா ஆண்டையொட்டி, நம் சங்கத்தின் சமையல் தொண்டூழியர்களுக்காக நடைபெற்ற உணவுப் பாதுகாப்பு அமர்வில் ஆற்றிய உரை)





இந்த ஐம்பது ஆண்டுகளில் நம் சங்கம் கல்வி நிதி கொடுத்திருக்கிறது, துணைப்பாட வகுப்புகள் நடத்தியிருக்கிறது, ஏழை எளியவர்களின் திருமணங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனால் வெளியில் சங்கத்தின் பெயரைச் சொன்னதும் பத்துப் பேரில் எட்டுப் பேர், “ஓ, அந்தக் கஞ்சி கொடுக்கும் சங்கமா?” என்றுதான் கேட்கிறார்கள். இதில் நமக்குப் பெருமைதான். அந்தப் பெருமைக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில்தான் இன்று இந்த உரை.

நாங்கள் பண்டாரிகளும் அல்லர், மருத்துவர்களும் அல்லர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் உணவு அறிவியலில் பட்டயம் பெற்றுவிட்டுக் குடும்பத் தொழிலுக்கே திரும்பி, பால்மாவு, நெய், பனீர், உறைந்த இறைச்சி ஆகியவற்றை உணவகங்களுக்கு விற்று வருகிறோம். பொருள் எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது, எத்தனை டிகிரியில் வருகிறது, என்ன சான்றிதழோடு வருகிறது என்று பார்ப்பதே எங்கள் அன்றாட வேலை. அந்த வேலையில் நாங்கள் கற்றுக்கொண்டதில் மிக முக்கியமான ஒன்றை மட்டும் உங்கள் முன் வைக்கிறோம்.

நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. “கொஞ்சம் நேரமாகிவிட்டதா? ஒரு கொதி விட்டுவிடு, எல்லாம் சரியாகிவிடும்” என்பதுதான் அது. நம் உம்மாவும் அப்படித்தான் சொன்னார்கள், உம்மம்மாவும் அப்படித்தான் சொன்னார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. கொதித்தால் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். ஆனால் சில கிருமிகள் சாவதற்கு முன்பே உணவுக்குள் நஞ்சைக் கக்கிவிடுகின்றன. அந்த நஞ்சு கொதிநீரில் அழிவதில்லை. தேளை அடித்துக் கொன்றுவிட்டால் கொட்டிய கடுப்பு இறங்கிவிடுமா? அதுபோலத்தான்.

பாலில் தொடங்கிய ஆராய்ச்சி

இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய முதல் ஆராய்ச்சிகளில் ஒன்று நம் வட்டாரத்திலேயே, பிலிப்பீன்சில் நடந்தது. பார்பர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அங்கே ஒரு பண்ணைக்குப் போகும்போதெல்லாம் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக அவதிப்பட்டார். சந்தேகம் அங்கே குடித்த பாலின்மீது விழுந்தது. அவர் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். கறந்த சூட்டோடு குடித்தபோது ஒன்றும் ஆகவில்லை. அதே பாலை அறை வெப்பத்தில் சில மணி நேரம் வைத்துக் குடித்தபோது நோய் வந்தது. பசுவின் மடிக்குள்ளேயே ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி குடியிருப்பதைக் கண்டுபிடித்து 1914இல் எழுதி வெளியிட்டார். பார்வைக்கு அந்தப் பசு நலமாகவே இருந்தது.

பாலில் கிருமி இருந்ததனால் மட்டும் அவர் நோயுறவில்லை. வெயில் நாட்டில் அந்தப் பால் வெளியில் இருந்த நேரம்தான் கிருமிக்குப் பெருகவும் நஞ்சு சுரக்கவும் வாய்ப்புக் கொடுத்தது. நாமும் அதே வெயில் நாட்டில்தான் சமைக்கிறோம்.

1930இல் சிகாகோவைச் சேர்ந்த டாக் என்பவரும் அவருடைய குழுவினரும் அடுத்த படியை எடுத்தார்கள். கிறிஸ்துமஸ் கேக் சாப்பிட்டு நோயுற்றவர்களின் உணவிலிருந்து இதே இனக் கிருமியை வளர்த்தார்கள். கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, மிஞ்சிய நீரைத் தாமாக முன்வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி இல்லாத அந்த நீரைக் குடித்தவர்களும் வாந்தி எடுத்தார்கள். நோயைத் தருவது கிருமி கக்கிய பொருள்தான் என்பது இதனால் உறுதியாயிற்று.

மடியும் புல்வெளியும்

நாம் பாலைக் கடையில் வாங்குகிறோம். ஆனால் அதன் கதை மாட்டின் மடியில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் கால்நடை வளர்ப்போர் மடிவீக்க நோய் என்று சொல்வார்கள். மடி சிவந்து வீங்கிப் பால் திரிந்து வந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். வெளியில் தெரியாத மடிநோய்தான் சிக்கல். மாடு நன்றாகத் தின்னும், பாலும் வெள்ளையாகவே இருக்கும், உள்ளே மட்டும் கிருமி இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க 1957இல் கலிஃபோர்னியாவில் ஓர் எளிய சோதனையை உருவாக்கினார்கள். நான்கு குழிகள் உள்ள ஒரு தட்டு. நான்கு காம்பிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலைப் பீய்ச்சி, சோப்புக் கரைசல் போன்ற ஒரு திரவத்தைச் சேர்த்துச் சுழற்ற வேண்டும். மடியில் நோய் இருந்தால் அதை எதிர்க்க வந்த வெள்ளணுக்கள் பாலில் நிறைய இருக்கும். அவை உடைந்து, பால் கூழ்போலக் கெட்டியாகும். பெரிய பண்ணைகளில் இன்று அந்த அணுக்களை இயந்திரம் எண்ணுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பச்சைப் பசும்பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு 400,000 அணுக்கள்தான் வரம்பு. இந்தச் சோதனை நஞ்சைக் காட்டாது. நஞ்சு பிறக்கக்கூடிய இடத்தைக் காட்டும். அந்த மாட்டின் பாலை மொத்தப் பாலில் கலக்காமல் ஒதுக்கிவைக்க அது போதும்.

கிருமிகளின் நஞ்சு மனிதனை மட்டும் தாக்குவதில்லை. நம் பெரியவர்களில் ஊரில் ஆடு வளர்த்தவர்கள் இருப்பீர்கள். மழை பெய்து இளம்புல் தழைத்ததும், நேற்று வரை துள்ளித் திரிந்த ஆடு திடீரென்று வலிப்பு வந்து விழுந்து செத்துவிடும். துள்ளுமாரி என்பார்கள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சொல்வாரும் உண்டு. உண்மையில் ஆட்டின் குடலில் சாதாரணமாகவே வாழும் க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமிதான் காரணம். இளம்புல்லோ தானியமோ திடீரென்று மிகுதியாக உள்ளே போனதும் அது தாறுமாறாகப் பெருகி, எப்சிலான் என்ற நஞ்சைச் சுரக்கிறது. குடலில் செரிமானத்துக்காகச் சுரக்கும் நீரே அந்த நஞ்சைக் கூர்மைப்படுத்திவிடுகிறது. மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டால் ஆடு பிழைக்கும். அந்த நஞ்சையே வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி அது.

தென்னாப்பிரிக்காவில் மாடுகள் கால் இழுத்துப் படுத்துச் சாகும் நோய்க்குக் காரணம் தெரியாமல் நெடுங்காலம் தவித்தார்கள். 1920 வாக்கில் ஆர்னால்ட் தைலர் என்ற கால்நடை மருத்துவர் உண்மையைக் கண்டறிந்தார். மேய்ச்சல் நிலத்தில் பாஸ்பரஸ் சத்து குறைவாக இருந்ததால் மாடுகள் செத்த விலங்குகளின் எலும்பைக் கடித்தன. அந்த எலும்பில் பொட்டுலிசக் கிருமியின் நஞ்சு இருந்தது. நாம் மாட்டிறைச்சி வாங்கும் ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் இன்றும் மாடுகளுக்கு இதற்கென்று தடுப்பூசி போடுகிறார்கள். நம் தட்டில் இருக்கும் உணவின் பாதுகாப்பு, நாம் பார்த்தே இராத ஒரு புல்வெளியில் தொடங்குகிறது.

மூன்று மணி நேர மின்தடை

இப்போது எங்கள் தொழிலில் இருப்பவர்கள் யாரும் மறக்கக் கூடாத ஒரு சம்பவம். 2000ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி, ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் தைக்கி என்ற ஊரில், ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் பால்மாவு ஆலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றுபோனது. குளிர்ச்சியில் இருக்க வேண்டிய பால் குழாய்களிலும் தொட்டிகளிலும் வெதுவெதுப்பாகத் தேங்கியது. மூன்று மணி நேரம்தானே என்று நமக்குத் தோன்றும். கிருமிக்கு அது போதுமானதாக இருந்தது.

மின்சாரம் வந்ததும் அந்தப் பாலை மாவாக்கினார்கள். அதில் ஒரு பகுதியில் கிருமி எண்ணிக்கை அளவுக்கு மேல் இருப்பது சோதனையில் தெரிந்தது. அந்த மாவை அவர்கள் கொட்டவில்லை. தண்ணீரில் கரைத்துச் சூடேற்றி, ஏப்ரல் 10ஆம் தேதி புதிய மாவாக ஆக்கினார்கள். மறுபடி சோதித்தபோது கிருமி இல்லை. “ஒரு கொதி விட்டுவிடு” என்ற நம் வீட்டுக் கணக்கை ஒரு பெரிய ஆலையே போட்டிருக்கிறது.

அந்த மாவு ஒசாகா ஆலைக்குப் போய்க் கொழுப்பு குறைந்த பாலில் கலந்தது. ஜூன் 27ஆம் தேதி முதல் புகார்கள் வரத் தொடங்கின. நிறுவனம் பொதுமக்களிடம் அதைச் சொன்னது 29ஆம் தேதிதான். அதற்குள் பால் வீடு வீடாகப் போய்விட்டது. 13,000க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். ஜப்பானியத் தாய்மார்கள் பல தலைமுறைகளாக நம்பி வாங்கிய பெயர் சில நாள்களில் சரிந்தது.

பின்னர் ஆராய்ச்சியாளர்கள் அந்த மாவில் ஸ்டஃபிலோகாக்கஸின் ஏ வகை நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் வயிற்றுக்குள் போன நஞ்சு பெரும்பாலும் 20 முதல் 100 நானோகிராம் வரை என்று கணக்கிட்டார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் நானோகிராம். பொடி உப்பின் ஒரே ஒரு துகளை நூற்றுக்கணக்கான கூறுகளாக்கி, அதில் ஒரு கூறை எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நாக்கில் வைத்துப் பார்த்து, “கெடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்லும் நம் பண்டாரியின் ஐம்பது ஆண்டு அனுபவம்கூட இதைக் கண்டுபிடிக்காது.

நஞ்சை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஒரு காலத்தில் உயிருள்ள ஒன்றுக்குக் கொடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பூனைக்குட்டிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்து, வாந்தி எடுக்கிறதா என்று பார்த்தார்கள். பொட்டுலிச நஞ்சுக்கு எலிச் சோதனைதான் நெடுங்காலம் இறுதித் தீர்ப்பு. அதற்கு நான்கு நாள்கள்கூட ஆகும்.

1971இல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் எலைசா என்ற முறையை வெளியிட்டார்கள். அதன் பிறகு வேலை எளிதாயிற்று. ஒரு தட்டின் குழிகளில், குறிப்பிட்ட நஞ்சை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஒட்டிவைக்கிறார்கள். உணவைக் கரைத்து ஊற்றினால் நஞ்சு அதில் தூண்டில் மீன்போல மாட்டிக்கொள்ளும். பிறகு நிறம் தரும் இன்னோர் எதிர்ப்பொருளைச் சேர்த்தால் நிறம் மாறும். நிறம் மாறினால் நஞ்சு உண்டு என்று பொருள். இதிலும் ஒரு குறை இருக்கிறது. நன்கு சூடேற்றிய உணவில் நஞ்சின் உருவம் சற்றுத் திரிந்து, தூண்டிலில் மாட்டாமல் தப்பிவிடலாம்.

பி.சி.ஆர். சோதனையைக் கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் மூக்கில் குச்சி விட்டுத் தெரிந்துகொண்டோம். உணவில் அது கிருமியின் மரபணுவைப் பார்க்கிறது. இந்தக் கிருமியால் நஞ்சு சுரக்க முடியுமா என்று அது சொல்லும். சுரந்திருக்கிறதா என்று சொல்லாது. கத்தி இருக்கிறது என்பது வேறு, குத்தியிருக்கிறது என்பது வேறு.

பால்மாவோடு எங்களுக்கு ஒரு சோதனைச் சான்றிதழ் வரும். அதில் ஈரப்பதம், கொழுப்பு, கிருமி எண்ணிக்கை எல்லாம் இருக்கும். முன்பெல்லாம் கிருமி எண்ணிக்கை குறைவாக இருந்தாலே வியாபாரிகள் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்கள். தைக்கி ஆலையின் கதை தெரிந்தவர்கள் அப்படிப் போட மாட்டார்கள். மாவாக்கும் சூட்டில் கிருமி செத்திருக்கலாம், நஞ்சு மிஞ்சியிருக்கலாம். ஐரோப்பிய விதிப்படி, பாலாடைக்கட்டியிலோ பால்மாவிலோ இந்தக் கிருமி ஒரு கிராமுக்கு 100,000ஐத் தாண்டினால் நஞ்சுச் சோதனை கட்டாயம். 25 கிராம் மாதிரியில் நஞ்சு துளியும் தென்படக் கூடாது. உலர்த்தும் சூட்டுக்கு முன் கிருமி எவ்வளவு இருந்தது, பால் எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று நாங்கள் இப்போது விற்பவரிடம் கேட்கிறோம். பதில் சொல்லத் தயங்குபவரிடம், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்குவதில்லை.

ஒருமுறை எங்களுக்கு வந்த பனீர் சரக்கில் வெப்பநிலைப் பதிவுக் கருவி இருந்தது. நடுவில் ஆறு மணி நேரம் 19 டிகிரி என்று காட்டியது. பனீர் வெள்ளைவெளேர் என்று இருந்தது, தொட்டால் குளிர்ந்தது. “திரும்பக் குளிர வைத்துவிட்டோமே, பிறகென்ன?” என்றார் அனுப்பியவர். நாங்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினோம். அந்த வாரக் கடைசியில் பல உணவகங்களுக்குப் பனீர் கொடுக்க முடியவில்லை, வசவும் கிடைத்தது. குளிர வைத்தால் கிருமியின் வளர்ச்சி நிற்கும். ஆறு மணி நேரத்தில் கக்கிய நஞ்சு இருந்தால் அது அங்கேயே இருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சோதனையைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டாலும் பெரும் இழப்பு வரும். 2013 ஆகஸ்ட் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஃபோண்டெரா நிறுவனம், தான் தயாரித்த 38 டன் மோர்ப்புரத மாவில் பொட்டுலிசக் கிருமி இருக்கலாம் என்று அறிவித்தது. குழந்தைப் பால்மாவிலும் அது கலந்திருந்தது. மலேசியா உட்படப் பல நாடுகளில் பால்மாவு டின்கள் அலமாரியிலிருந்து இறங்கின. கைக்குழந்தை வைத்திருந்த தாய்மார்கள் பட்ட அச்சம் கொஞ்சமல்ல. மேலும் பல சோதனைகள் செய்த பிறகு, அது பொட்டுலிசக் கிருமியே இல்லை, அதைப் போலவே தோற்றம் கொண்ட, நஞ்சு சுரக்காத உறவுக்கிருமி என்று அதே மாதம் 28ஆம் தேதி நியூசிலாந்து அரசாங்கம் அறிவித்தது. அந்த மாவை வாங்கிய டனோன் நிறுவனத்துக்கு 105 மில்லியன் யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று 2017இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. சந்தேகம் வந்ததும் வெளியில் சொன்னதை நாம் குறை சொல்ல முடியாது. சொல்லாமல் இருந்து, உண்மையாகவே அது நஞ்சாக இருந்திருந்தால் இழப்பீடு பணத்தில் முடிந்திருக்காது. எந்தக் கிருமி, எந்த நஞ்சு என்று துல்லியமாகச் சொல்லக்கூடிய ஆய்வுக்கூடமும் அறிவும் எவ்வளவு தேவை என்பதற்கு அது பாடம்.

சோறும் இறைச்சியும்

பாலிலிருந்து நம் தேக்சாவுக்கு வருவோம். நம் கஞ்சியிலும் பிரியாணியிலும் இருப்பது சோறும் இறைச்சியும். இரண்டுக்கும் தனித்தனியே ஒரு கிருமி உண்டு.

சோற்றுக்கு உரியது பேசில்லஸ் செரியஸ். அரிசியிலேயே அதன் விதை போன்ற வித்து ஒட்டிக்கொண்டு வரும். சோறு வேகும் சூட்டில் வித்து சாவதில்லை. சோறு ஆறி, வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது வித்து முளைத்து, செரியுலைட் என்ற நஞ்சைச் சுரக்கும். 1971 முதல் இங்கிலாந்தில் சீன உணவகங்களின் வறுத்த சோற்றால் பலர் நோயுற்றபோது இது பெரிதாகப் பேசப்பட்டது. முதல் நாள் வடித்து வெளியில் வைத்த சோறு மறுநாள் வறுக்கப்பட்டிருந்தது. செரியுலைட் 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் தாங்கும். நம் அடுப்பின் கொதி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இது மிகச் சிறிய வளையம் போன்ற பொருள் என்பதால் எலைசா தூண்டிலிலும் எளிதில் மாட்டாது. எடையை வைத்தே அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற விலையுயர்ந்த கருவி வேண்டும். அந்த முறைக்கு அனைத்துலகத் தரநிலை வந்ததே 2017இல்தான்.

2003இல் பெல்ஜியத்தில் ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை பாஸ்தா சாலட் செய்தது. சனிக்கிழமை சுற்றுலாவுக்கு எடுத்துப் போனார்கள். மிஞ்சியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, திங்கட்கிழமை இரவு பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஐந்து பிள்ளைகளும் நோயுற்றார்கள். ஏழு வயதுப் பெண்குழந்தை கல்லீரல் செயலிழந்து இறந்துபோனது. பிறகு அளந்து பார்த்தபோது, அந்தக் குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலை 14 டிகிரி. மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்று நினைத்த, நம்மைப் போன்ற ஒரு சாதாரணக் குடும்பம்தான் அது.

இறைச்சிக்கு உரியது, ஆட்டைக் கொல்லும் அதே பெர்ஃப்ரிஞ்சன்ஸ் இனத்தின் வேறொரு வகை. இதுவும் வித்தாக இருந்து கொதியைத் தாங்கும். கொதிக்கும்போது குழம்பிலிருந்த காற்று வெளியேறிவிடுவதால், காற்றை விரும்பாத இந்தக் கிருமிக்கு வசதிதான். பெரிய தேக்சாவின் நடுப்பகுதி மணிக்கணக்கில் மெல்ல ஆறும். 45 டிகிரியை நெருங்கும்போது இது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிருமி மூன்று மணி நேரத்தில் 262,000க்கு மேல் ஆகிவிடும். உயிரோடு வயிற்றுக்குள் போய், குடலில்தான் நஞ்சை வெளியிடும். எட்டு முதல் பதினாறு மணி நேரம் கழித்து வயிறு பிடுங்கும். இந்த ஒன்றுக்கு நன்றாகச் சூடு காட்டுவது உதவும். ஆனால் தேக்சாவைப் பார்த்து, உள்ளே இருப்பது இந்தக் கிருமியா, அந்தக் கிருமியா என்று யாரால் சொல்ல முடியும்?

நம் கஞ்சியின் கணக்கு

சிங்கப்பூரில் உணவு வியாபாரம் செய்யும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது ஆபத்தான எல்லை. சமைத்த உணவு அந்த எல்லைக்குள் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

நம் கஞ்சியை இதில் வைத்துப் பார்ப்போம். அஸர் தொழுகைக்குப் பிறகு, 4.30 மணி வாக்கில் கொடுக்கத் தொடங்குகிறோம். நோன்பு திறப்பது 7 மணி தாண்டி. அடுப்பில் ஆவி பறக்க இருந்த கஞ்சியை 4 மணிக்கு டப்பாவில் ஊற்றினால், 7.15க்குச் சாப்பிடும்போது மூன்றேகால் மணி நேரம். தாங்கும். ஆனால் கூட்டத்தைச் சமாளிக்க 2 மணிக்கே ஊற்றி அடுக்கிவிட்டால், நோன்பு திறக்கும்போதே ஐந்தேகால் மணி நேரம் ஆகிவிடுகிறது. அதில் மிஞ்சியதை மேசையிலேயே மூடி வைத்து, விடியற்காலை 5 மணிக்கு ஸஹருக்குச் சூடு காட்டினால் பதினைந்து மணி நேரம்! அந்தக் கொதி எதைக் கொல்லும், எதைக் கொல்லாது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இங்கேதான் நம் மனத்துக்குள் ஒரு போராட்டம். உணவை வீணாக்குவது நமக்குப் பாவம். அரைத் தேக்சா கஞ்சியைக் கொட்டச் சொன்னால் பண்டாரியின் கண் கலங்கும். அது நியாயமான கலக்கம். ஆனால் ஹலால் என்பதோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே நாம் கற்றிருக்கிறோம். உணவு ஆகுமானதாகவும் இருக்க வேண்டும், நல்லதாகவும் இருக்க வேண்டும். வீண்விரயத்தைத் தடுக்க வேண்டிய இடம் அடுப்பு மூட்டுவதற்கு முன்பு. நேரம் கடந்த பிறகு அதை நம் வயிற்றுக்குள் கொட்டித் தடுக்க முடியாது.

ஆகவே சங்கத்தின் முன் ஆறு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, ஒரே பெரிய தேக்சாவுக்குப் பதிலாக இரண்டு. இரண்டாவதை ஒரு மணி நேரம் தாமதித்து ஏற்றுவோம். எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்து அதன் அளவை முடிவு செய்யலாம். வீணாவதும் குறையும்.

இரண்டாவது, சமையலறையில் ஒரு வெப்பமானி. ஊற்றும்வரை கஞ்சி 60 டிகிரிக்கு மேல் இருக்கிறதா என்று குத்திப் பார்க்க வேண்டும். குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் ஒன்று தொங்கட்டும். 5 டிகிரியைத் தாண்டினால் யாராவது கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு டப்பாவிலும் ஊற்றிய நேரமும், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் தமிழிலும் ஆங்கிலத்திலும் மலாயிலும் ஒட்டப்பட வேண்டும். கஞ்சியை வாங்கிச் செல்வோர் எல்லோரும் நம்மவர்கள் மட்டும் அல்லர். ஸஹருக்கு வேண்டுமென்றால், வாங்கியதும் ஆழமில்லாத தட்டில் பரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்வோம்.

நான்காவது, கை. மூன்றில் ஒருவருக்கு மூக்கிலேயே ஸ்டஃபிலோகாக்கஸ் இருக்கிறது. வெட்டுக்காயம், கொப்புளம் உள்ள கையில் இன்னும் அதிகம். காயம்பட்ட சகோதரர் பாத்திரம் கழுவவும் வேண்டாம், இறைச்சி பிய்க்கவும் வேண்டாம். வாசலில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தட்டும். அதுவும் நன்மையான வேலைதான்.

ஐந்தாவது, கரைத்த பால்மாவும் பிழிந்த தேங்காய்ப்பாலும் கறந்த பாலுக்குச் சமம். காலையில் கரைத்து மாலை வரை வெளியில் வைக்கக் கூடாது.

ஆறாவது, ஒவ்வொரு நாளும் ஒரு சிறு டப்பாவில் மாதிரி எடுத்துத் தேதி எழுதி உறைய வைப்போம். ஜப்பானில் பெரிய சமையற்கூடங்கள் இப்படி இரண்டு வாரம் வைத்திருக்கின்றன. யாருக்காவது உடல்நலம் கெட்டால், சோதிப்பதற்குப் பொருள் இருக்கும். நம் கஞ்சிதான் காரணமா, இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

இந்த ஆறோடு ஒரு பழக்கமும் வேண்டும். மின்சாரம் போனாலோ, நேரம் தவறினாலோ, யாராவது வயிற்று வலி என்று சொன்னாலோ, அதை உடனே செயலவையிடம் சொல்ல வேண்டும். சொன்னவரை யாரும் குறை சொல்லக் கூடாது. ஜப்பானில் முதல் புகாருக்கும் அறிவிப்புக்கும் நடுவில் கழிந்த இரண்டு நாள்களில் எத்தனை வீடுகளில் அந்தப் பாலைக் குடித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பெரியோர்களே, இந்தத் தீவில் ஒரு காலத்தில் சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டுத் தொழுவங்கள் இருந்தன. பாலைக் கறந்த கையோடு வீட்டு வாசலில் ஊற்றினார்கள். கறந்தவரின் முகம் குடித்தவருக்குத் தெரியும். இன்று நம் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல் கடந்து வருகிறது. கறந்தவர் யார், அறுத்தவர் யார், நடுவில் எங்கே மின்சாரம் போனது என்று நமக்குத் தெரியாது. சிங்கப்பூர் உணவு அமைப்பு தன் பங்குக்குச் சோதிக்கிறது. வியாபாரிகளாகிய நாங்களும் எங்கள் பங்குக்குக் கேள்வி கேட்கிறோம். கடைசி நான்கு மணி நேரம் மட்டும் முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

வெப்பமானிகள் இரண்டும், நேரம் ஒட்டும் தாள்களும் இந்த ஆண்டு நோன்புக்கு எங்கள் கடையின் அன்பளிப்பாக வந்து சேரும், இன்ஷா அல்லாஹ். அவற்றைப் பயன்படுத்தும் முறையைத் தொண்டூழியர்களுக்குக் காட்ட, தலை நோன்புக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்கு வருகிறோம். பண்டாரி அண்ணன் அவசியம் இருக்க வேண்டும். அவர் கைமணத்தில் நாங்கள் தலையிட மாட்டோம், கடிகாரத்தில் மட்டும்தான்.

ஐம்பதாண்டு கண்ட இச்சங்கம் மேலும் பல்லாண்டு பசித்தவருக்கு நல்ல உணவு வழங்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.